பழைய மாருதி 800: சூடானதும் ஐடிலிங்கில் உதறல், பிரேக் பிடித்தால் அமந்து போகிறது. எங்கிருந்து பார்ப்பது?

கேட்டது இதுதான். கோபியில் ஓடும் 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) உள்ள வண்டி. காலையில் சோக் போட்டு எடுத்தால் ஒழுங்காக நிற்கிறது. இருபது நிமிஷம் ஓடிச் சூடானதும் ஐடிலிங்கில் (கால் எடுத்தபின் எஞ்சின் தானாக மெதுவாக ஓடும் நிலை) உதறல், சத்தி ஊருக்குள் நெரிசலில் பிரேக் பிடித்து நின்றால் எஞ்சின் அமந்து (அணைந்து) போகிறது. ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்திருந்தால் தாங்குகிறது. பிளக் மாற்றியாச்சு, கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் பண்ணியாச்சு, மிக்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங் பெட்ரோல் அளவை வைக்கும் திருகு) ஆளுக்கொரு பக்கம் திருப்பியாச்சு. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாமுங்க. மிக்சர் ஸ்க்ரூவும் கார்புரேட்டரும் கடைசியாகத் தொட வேண்டியவை. வழக்கத்தில் அவைதான் முதலில் மாட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் எந்தக் கோளாறையும் இரண்டு நாளைக்கு மூடி மறைக்கலாம். அதனாலேயே உண்மையான காரணம் தெரியாமல் போகிறது.

நீங்கள் சொன்னதிலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது: கால் வைத்தால் தாங்குகிறது, விட்டால் அமர்கிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறக்கும் காற்றுக் கதவு) கிட்டத்தட்ட மூடிக் கிடக்கும். மேனிஃபோல்டுக்குள் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) உறிஞ்சும் விசை அப்போதுதான் அதிகம். எங்கேயாவது ஒரு ஹோஸில் கீறல் இருந்தால் அந்த வழியாகக் கள்ளக் காற்று உள்ளே போய், உள்ளதே கொஞ்சமான கலவையை மேலும் நீர்க்க, அதாவது பெட்ரோல் குறைந்ததாக, ஆக்கிவிடும். ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று பல மடங்கு கூடுவதால் அந்த ஒழுக்கு கணக்கிலேயே வராது. ஐடிலிங்குக்கான பெட்ரோல் வருவதும் ஊசி முனை அளவுத் துளை வழியாகத்தான். ஒரு சிலிண்டர் பலவீனமாக இருந்தாலும் அங்கேதான் வெளியே தெரியும். இது மூன்று சிலிண்டர் எஞ்சின், 796 சிசி. ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு.

ஆக, கள்ளக் காற்று, ஐடிலிங் பெட்ரோல், ஒரு சிலிண்டரின் பலவீனம், சூட்டில் தளரும் ஸ்பார்க் என்று நான்கு சந்தேகம். எது என்று பிரிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

தொடங்கும் முன் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் வையுங்க. காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்க, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது, எந்த நேரமும் சுற்றும். கை, துண்டு, ஒயர் எதுவும் அதன் பக்கம் போக வேண்டாம்.

முதலில் மூன்று சிலிண்டரும் உழைக்கிறதா என்று பாருங்க. எஞ்சின் நன்றாகச் சூடாகி உதறல் வந்த பிறகு, ஐடிலிங் ஸ்க்ரூவை (ஐடிலிங் வேகத்தை வைக்கும் திருகு) கொஞ்சம் கூட்டி 1000 ஆர்பிஎம் பக்கம் அமராமல் நிற்க வையுங்க. இன்சுலேட்டட் பிளையரால் ஒரு பிளக் ஒயரை மட்டும் உருவுங்க. உருவிய ஒயரை அந்தரத்தில் விடாமல், வேறொரு பிளக்கில் மாட்டி அதன் உடலை எஞ்சின் இரும்பில் படும்படி வைப்பது முக்கியம். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் ஸ்பார்க்குக்கு வழியில்லாமல் விட்டால் காயிலும் மாட்யூலும் அடிபடும். ஒயரை உருவியதும் எஞ்சின் சட்டென்று தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைக்கிறது. உருவினாலும் உருவாவிட்டாலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால் நோய் அங்கேதான். மூன்றிலும் இதே மாதிரி பாருங்க.

ஒன்று மட்டும் படுத்திருந்தால் கார்புரேட்டரை மறந்துவிடலாம். கார்புரேட்டர் மூன்றுக்கும் பொது, ஒன்றை மட்டும் பட்டினி போடாது. அந்தச் சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்க. நோயும் கூடவே போனால் பிளக். போகாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்க. மல்டிமீட்டர் வைத்தால் கார்பன் ஒயர்களில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டலாம், எல்லையில்லாமல் ஓடினால் உள்ளே அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் அசையாமல் அதே சிலிண்டரிலேயே நின்றால், அந்தச் சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்டு பேக்கிங்கும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் அளவு) பார்க்க வேண்டியவை.

மூன்றும் சமமாகத் தளர்ந்தால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கிறது. அப்போது அட்டைச் சோதனை. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, எஞ்சின் உதறிக்கொண்டு ஓடும்போது ஒரு கெட்டி அட்டையால் கார்புரேட்டர் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்க. கையால் மூட வேண்டாம், பேக்ஃபயர் அடித்தால் சுடும். பாதி மூடும்போது உதறல் குறைந்து ஓட்டம் சீரானால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்: கள்ளக் காற்று, இல்லாவிட்டால் ஐடில் ஜெட் (ஐடிலிங் பெட்ரோல் வரும் அந்தச் சிறு துளை) அடைப்பு. மூட மூட இன்னும் திணறிக் கரும்புகை தள்ளினால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம்: சோக் முழுசாகத் திறக்கவில்லை, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தை வைக்கும் மிதவையின் அளவு தப்பு, அல்லது அந்தப் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வு ஒழுகுகிறது. அரை நிமிஷ வேலைதான், ஆனால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

உங்களுக்குப் பெட்ரோல் போதாத பக்கமாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது அமர்கிறது என்கிறீர்கள் அல்லவா, அதனால்தான். பெடலுக்கு நேர் முன்னால், மாஸ்டர் சிலிண்டரை ஒட்டிக் கறுப்புத் தகர உருளை இருந்தால் அது பிரேக் பூஸ்டர். மேனிஃபோல்டிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் அதற்குப் போகும். உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருந்தால், பெடலை மிதிக்கிற போதெல்லாம் வெளிக்காற்று நேராக எஞ்சினுக்குள் பாயும். ஐடிலிங்கில் நிற்கும்போது பெடலை அழுத்திப் பிடித்துக் காது கொடுங்க. காலடியில் தொடர்ந்து உஸ்ஸென்று சத்தமும் கூடவே எஞ்சின் தளர்வும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உறுதி செய்ய, அந்த ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் துணி சுற்றிய பிளையரால் நெரியுங்க. உதறல் நின்றால் பூஸ்டரோ அதன் ஹோஸோதான். நெரித்த நிலையில் வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது, பிரேக் கல்லாகிவிடும்.

பூஸ்டர் நன்றாக இருந்தால் மற்ற ஹோஸ்களையும் ஒவ்வொன்றாக நெரித்துப் பாருங்க. ஹெட் கவரிலிருந்து எஞ்சின் ஆவியை எடுத்து வரும் பிசிவி ஹோஸ், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ் ஹோஸ், ஏசி இருந்தால் ஐடிலிங்கைக் கூட்டும் ஐடில் அப் ஹோஸ். முப்பது வருஷ ரப்பர் குளிரில் இறுகி மூடிக்கொள்ளும், சூட்டில் தளர்ந்து விரிசல் வாய் திறக்கும். சூடானதும் மட்டும் கோளாறு வருவதற்கு இது ஒரு காரணம். தோட்டத்துச் சாளையில் நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்த தடமும் பாருங்க. ஹோஸின் அடிப்பக்கம் கடித்திருந்தால் மேலிருந்து தெரியாது, கையை அடியில் விட்டுத் தடவ வேண்டும்.

ஹோஸில் இல்லையென்றால் பேக்கிங். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் தடித்த இன்சுலேட்டர் இருக்கும், இரண்டு பக்கமும் பேக்கிங். இரண்டு தடவை கழற்றி மாட்டியபோது பழைய பேக்கிங்கையே வைத்திருந்தால், அல்லது நட்டுகளை ஒரு பக்கமாக இறுக்கி ஃபிளேஞ்ச் வளைந்திருந்தால், சுத்தம் பண்ணியதே புதுக் கோளாறாகியிருக்கும். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பக்கம் அது ஆபத்து, சாதாரணத் தண்ணீரே போதும். ஸ்ப்ரே பாட்டிலில் மெல்லிசாக அந்த இணைப்பைச் சுற்றி அடித்தால், ஒழுக்கு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு நொடி அடைத்துக்கொள்ளும், ஓட்டம் மாறும். பிளக் ஒயர் மேல் படாமல் அடியுங்க. த்ராட்டில் ஷாஃப்டை விரலால் மேலும் கீழும் ஆட்டியும் பாருங்க. நன்றாக ஆடினால் அங்கேயும் காற்று போகிறது. அதற்குப் பேக்கிங் உதவாது, புஷ் போட வேண்டும். கார்புரேட்டரை மாற்றுவதற்கு நியாயமான காரணம் இது ஒன்றுதான். அதற்கும் கோவையில் லேத் வேலை தெரிந்த ஆளிடம் காட்டிவிட்டு முடிவு பண்ணுங்க.

வேக்கம் கேஜ் (உறிஞ்சும் விசையை அளக்கும் மீட்டர்) கிடைத்தால் மேனிஃபோல்டில் மாட்டுங்க. நம் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரம் (கோவை 400 மீட்டர் சுமார்), நல்ல எஞ்சின் 17 முதல் 20 பாதரச அங்குலம் வரை அசையாமல் காட்டும். 12, 14 என்று தாழ்ந்து அசையாமல் நின்றால் கள்ளக் காற்று, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது, டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருந்தாலும் இப்படிக் காட்டும். முள் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி விழுந்தால் வால்வு. மெதுவாக மேலும் கீழும் அலைந்தால் கலவை.

காற்று ஒழுக்கே இல்லை, ஆனாலும் அட்டை வைத்தால் சீராகிறது என்றால் ஐடிலிங் வழியில் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் பக்கவாட்டில் ஒற்றை ஒயரோடு ஒரு சிறு உருளை இருக்கும், ஃபியூல் கட் சோலினாய்டு. சாவியைப் போட்டதும் உள்ளே ஊசி இழுத்து ஐடில் வழியைத் திறக்கும், அணைத்ததும் மூடும். சாவியை ஆன், ஆஃப் செய்து டிக் சத்தம் கேட்கிறதா என்று பாருங்க. சத்தம் இல்லையென்றால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வையுங்க. வோல்ட் வந்தும் டிக் இல்லையென்றால் சோலினாய்டு போச்சு. குளிரில் வேலை செய்து சூட்டில் ஊசியை விட்டுவிடும் சோலினாய்டுகளும் உண்டு, ஆகவே அமந்து போன அந்த நிமிஷத்திலும் ஒருமுறை கேளுங்க. சில இடங்களில் ஊசியின் முனையை வெட்டிவிட்டு மாட்டித் தருவார்கள். அப்போதைக்கு ஐடிலிங் வந்துவிடும். பிறகு சாவியை அணைத்தாலும் எஞ்சின் சித்த நேரம் தடதடவென்று தானாக ஓடும். அப்படி ஓடினால் உங்கள் வண்டியில் அந்த வேலை நடந்திருக்க வாய்ப்பு அதிகம், புதிது போட்டுவிடுங்க. ஐடில் ஜெட்டைக் கம்பியால் குத்த வேண்டாம், துளை அகன்றுவிடும். கிளீனரில் ஊறவைத்துக் கம்ப்ரசர் காற்றால் ஊதினால் போதும்.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுசாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு 13.5 பக்கம் வந்துவிடும். 1996-இல் போட்ட ஜெட்டுக்கு இது தெரியாது, பழைய கணக்குக்கே அளந்து விடும். அதனால் அந்தக் காலத்து செட்டிங் இன்றைய பெட்ரோலில் இயல்பாகவே கொஞ்சம் நீர்த்து ஓடும். எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரையும் உப்பச் செய்யும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் மிதவைத் தொட்டியைத் திறந்தால் அலுமினியத்தில் வெண்படலம் பூத்திருப்பது இதனால்தான். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் எது வாங்கினாலும் எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்க. பெட்ரோல் பம்ப் ஹெட்டில் மாட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க, ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படியென்றால் ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சித்திரை வெயிலில் மட்டும், அதுவும் திம்பம் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே நிறுத்தினால் மட்டும் அமர்கிறது என்றால், அது பெட்ரோல் கொதிக்கும் பிரச்சினை. கார்புரேட்டரின் அடி இன்சுலேட்டர், சைலன்சர் மேனிஃபோல்டின் தகர மறைப்பு, பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் மூன்றையும் பாருங்க. ரிட்டர்ன் லைன் எங்காவது நசுங்கியிருந்தால் சூடான பெட்ரோல் திரும்ப வழியில்லாமல் அங்கேயே ஆவியாகும். வண்டி அமந்ததும் டேங்க் மூடியைத் திறங்க. நீளமாக உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்குக் காற்று வரும் வழி அடைத்திருக்கிறது.

ஸ்பார்க் பக்கம், அமந்து போன உடனே பார்ப்பதுதான் பலன் தரும். கையோடு ஒரு பிளக் வைத்திருங்க. நடுரோட்டில் அமந்ததும் ஓரம் கட்டி, அதை ஒரு ஒயரில் மாட்டி எஞ்சின் இரும்பில் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்க. நீலமாக, சடசடவென்று வந்தால் இக்னிஷனை விட்டுவிடலாம். மஞ்சளாக, விட்டு விட்டு வந்தால் காயில், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார் இந்த வரிசையில் பாருங்க. காயிலும் கண்டன்சரும் சூட்டில் தளர்ந்து, ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) உள்ள மாடலானால் அதன் இடைவெளி 0.4 மி.மீ. பக்கம் இருக்க வேண்டும், பிளக்கில் 0.7 முதல் 0.8 வரை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பென்சில் கோடு போலக் கறுப்பு ஓடியிருந்தால் துடைப்பதில் பயனில்லை, மாற்றுங்க. பேட்டரி எர்த் ஒயர், பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலான எர்த் இரண்டையும் கழற்றித் தேய்த்து மாட்டுவது இரண்டு நிமிஷ வேலை.

வால்வு டேப்பட்டை (வால்வுத் தண்டின் முனையில் விடும் இடைவெளி) இந்தக் கோளாறில் யாரும் நினைப்பதில்லை, ஆனால் சூட்டில் அமர்வதற்கு அது நேரடிக் காரணமாக இருக்கலாம். சூட்டில் வால்வு தண்டு நீளும். இடைவெளி ஏற்கெனவே குறைவாக இருந்தால் வால்வு முழுசாக உட்காராமல் கம்ப்ரஷன் கசியும். டேப்பட் சத்தமே இல்லாமல் அமைதியாக ஓடும் எஞ்சின் நல்ல எஞ்சின் என்று பலரும் நினைக்கிறார்கள், அது எப்போதும் சரியில்லை. எல்பிஜி கிட் போட்டு ஓடிய வண்டியில் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி சீக்கிரம் இறுகும், இது ஆம்னிக்கும் பொருந்தும். எஞ்சின் முழுசாக ஆறிய பிறகு, வெள்ளென எழுந்ததும் செய்வது நல்லது, ஃபீலர் கேஜால் பாருங்க. குளிரில் 0.15 மி.மீ. அருகில் வரும். இன்டேக்குக்கும் எக்சாஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சூட்டில் வைக்கும் அளவையும் உங்கள் மாடலின் மானுவலில் பார்த்தே வையுங்க.

கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் எடுக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். பாதி மிதித்து எடுத்த அளவு எதற்கும் உதவாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்க. ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் சேர்ந்தே குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

இதெல்லாம் சரியான பிறகுதான் மிக்சர் ஸ்க்ரூ. எஞ்சின் சூடாக, சோக் முழுசாகத் திறந்து, லைட், ஃபேன் எல்லாம் அணைத்து வையுங்க. ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே மூடி எத்தனை சுற்று வந்தது என்று எழுதிக்கொண்டு, அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டு வாங்க. அழுத்தி மூடினால் ஊசி முனையில் வளையம் விழும், அப்புறம் எந்த செட்டிங்கும் நிற்காது. கால் கால் சுற்றாக வெளியே எடுக்க, ஓட்டம் ஏறி ஒரு இடத்தில் நிற்கும். அங்கிருந்து உள்ளே திருப்பி, தளர ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் வெளியே நிறுத்துங்க. பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் 850 முதல் 900 ஆர்பிஎம் வையுங்க. ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால் ஐடில் வழி இன்னும் அடைத்திருக்கிறது, மேலே சொன்ன இடத்துக்குத் திரும்புங்க.

இதைச் சரிபார்க்கப் புகை டெஸ்ட் எடுக்கும் இடத்துக்குப் போங்க. சான்றிதழை மட்டும் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிடாமல் அதில் உள்ள எண்களைப் படியுங்க. உங்கள் காலத்துப் பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை அனுமதி. மோனாக்சைடு எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் அதிகம். மோனாக்சைடு மிகக் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் தாறுமாறாகவும் இருந்தால் மிஸ்ஸிங்: பெட்ரோல் எரியாமலே வெளியே வருகிறது, கள்ளக் காற்றையோ ஸ்பார்க்கையோ மறுபடி பாருங்க.

ஊட்டி, கோத்தகிரி போய்வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஊட்டி 2240 மீட்டர், காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டி அங்கே பெட்ரோல் அதிகமாகி லேசாகத் திணறுவது இயல்பு, வேக்கம் கேஜும் தாழ்வாகத்தான் காட்டும். ஒரு நாள் பயணத்துக்காக மிக்சரைத் தொடாதீங்க, ஐடிலிங்கை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும். மேலே திருப்பிய செட்டிங்கோடு மேட்டுப்பாளையம் இறங்கினால் நீர்த்துப் போய் மறுபடி உதறும்.

எம்பிஎஃப்ஐ (எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு) வந்த பிறகான 800 வைத்திருப்பவர்களுக்கு: கள்ளக் காற்று, பிளக், கம்ப்ரஷன் சோதனைகள் அதே. கார்புரேட்டருக்குப் பதில் த்ராட்டில் பாடியில் படியும் கார்பனையும் ஐடில் கன்ட்ரோல் வால்வையும் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க. எம்ஏபி (மேனிஃபோல்டு அழுத்தம் அளக்கும்) சென்சார் ஹோஸ், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கப்ளர் இரண்டையும் பாருங்க. செக் எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேனரில் கோளாறு எண்ணை எடுக்காமல் எந்தச் சென்சாரையும் வாங்காதீங்க.

கோபிக்காரருக்கு: பிரேக் பெடல் அழுத்தும்போது காலடிச் சத்தம், அட்டைச் சோதனையில் எந்தப் பக்கம் போனது, ஒயர் உருவியதில் எந்தச் சிலிண்டர் தளரவில்லை, சோலினாய்டு டிக் வந்ததா. இந்த நான்கையும் பார்த்து எழுதுங்க. அதுவரை புதுக் கார்புரேட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.